மஞ்சள் அட்டை

விளக்கணைத்த கல்லூரி வகுப்பறைத் திரையில் பூமிப்பந்தின் மேல் ஒரு பொம்மை மனிதன் நிற்கிறான். காலை ஆறு மணிக்கு அவன் உச்சந்தலைக்கு நேர்மேலே நிலா இருந்தால், அது முழு நிலாவா, பாதி நிலாவா? பேராசிரியை கணினியில் ஓட்டிக் காட்டும் முன்பே எல்லோரும் அட்டை தூக்கியாக வேண்டும். முழுசுக்கு நீலம், பாதிக்கு மஞ்சள். முப்பது நீலத்துக்கு நடுவே லோர்னாவின் மஞ்சள் மட்டும் உயர்ந்து நிற்கிறது. "மாத்திடுங்க லோர்னா, மானம் போயிடும்," என்று பக்கத்து இருக்கை டைலர் சிரிக்கிறான். அவள் மகனைவிடச் சின்னவன். அவள் அட்டையை இறக்கவில்லை. ஒமாஹா நகர இறைச்சி ஆலையில் இருபது வருஷம் இரவு வேலை முடித்து, விடிகிற நேரத்தில் காரைத் தேடிப் போகையில் அண்ணாந்து பார்த்திருக்கிறாள். உச்சியில் நின்ற நாளெல்லாம் நிலா பாதியாகத்தான் இருந்தது. ஆனால் அதெல்லாம் படிப்பில் சேருமா? பேராசிரியை மவுஸை இழுக்கிறாள். பூமி மெல்லச் சுழல்கிறது, பொம்மையின் அடிவானத்தில் சூரியன் எட்டிப் பார்க்கிறது, திரையின் மூலையில் நிலாவின் முகம் தெரிகிறது. சரிபாதி. நீல அட்டைகள் ஒவ்வொன்றாய் இறங்குகின்றன. முப்பது முகங்கள் லோர்னா பக்கம் திரும்புகின்றன. "அடடே, எப்படிங்க கண்டுபிடிச்சீங்க? முன்னால வந்து எல்லாருக்கும் சொல்லுங்க," என்கிறாள் பேராசிரியை. லோர்னா மேசையைப் பிடித்துக்கொண்டு எழுகிறாள். தப்பாகியிருந்தால் உட்கார்ந்தே இருந்திருக்கலாம்.