பத்து மணிச் சத்தியம்

டார்லீன் பாத்திரம் தேய்க்கும் சோப்பை விரலில் வழியவிட்டுக் கல்யாண மோதிரத்தை முறுக்கி இழுக்கிறாள். விரல் முட்டி வீங்கிச் சிவந்திருக்கிறது, மோதிரம் அசையவில்லை. சமையலறை மேஜையில் மடிக்கணினி திறந்திருக்கிறது. பத்து மணிக்கு அதில்தான் அவளும் கணவனும் போட்ட திவால் மனுவின் விசாரணை; சொத்து எதையும் மறைக்கவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். இன்னும் நான்கு நிமிடம். ஜன்னலுக்கு வெளியே டொலீடோ நகரத்தின் பனிவெளிச்சம் கண்ணைக் கூச வைக்கிறது. “என்ன பண்றே டார்லீன்?” திரையிலிருந்து கேட்கிறாள் வக்கீல் பிரிசில்லா. “திவாலானா எல்லாத்தையும் உருவிடுவாங்களாமே. இதையாவது மாவு டப்பாவுல போட்டு வைக்கிறேன்.” “போட்டுட்டு, மாவுக் கையோட சத்தியம் பண்ணப் போறியா? மோதிரம், வீடு, வேலைக்குப் போற வண்டி எதையும் தொட மாட்டாங்க. சட்டமே விட்டு வச்சிருக்கு. மறைச்சாதான் வம்பு. யாருக்காவது எதையாவது மாத்திக் குடுத்துட்டுச் சொல்லாம இருந்தா, கடன் மொத்தமும் திரும்ப உங்க ரெண்டு பேர் தலையில. அப்படி ஏதும் இருந்தா இப்பவே சொல்லிடுங்க.” டார்லீன் மூச்சுவிட்டுச் சிரிக்கிறாள். பக்கத்தில் அவள் கணவன் வெர்ன் சிரிக்கவில்லை. காபிக் கோப்பையின் விளிம்பைச் சுற்றிக்கொண்டிருந்த அவன் கட்டைவிரல் நின்றுவிடுகிறது. “வக்கீலம்மா,” என்கிறான், திரையைப் பார்க்காமல். “மனு போடறதுக்கு முந்தின வாரம் வண்டியை என் தம்பிக்கு ஒரு டாலருக்கு வித்துட்டேன்.”