ஞானத்தகப்பன்

புத்தகத்தில் ஓர் ஓட்டை கூட இல்லை.

அவள் இன்னொரு பக்கத்தைப் புரட்டினாள். ஓரம் பழுத்திருந்தது. மற்றபடி எழுத்து நேற்று எழுதியதுபோல் இருந்தது.

இந்த ஞானஸ்நானப் புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டதாக வாட்ஸப் குழுவில் எழுதியவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்.

பெர்க்மான்ஸ். சந்தியாகுப் பண்ணையாரின் வம்சத்தைத் தேடித் தொகுப்பவர். குழுவில் நூற்றுப் பத்துப் பேர். ஆளுக்கொரு கல்லறை, ஆளுக்கொரு பத்திரம் என்று படம் பிடித்துப் போடுவார்கள். வருகிற திருவிழாவுக்கு எல்லாம் புத்தகமாக அச்சாகிறது.

அவளைக் குழுவில் சேர்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, எந்த வழி என்பது.

அவர் அருளப்பன் வழி. பண்ணையாரின் மகன் அருளப்பன் அவருக்குப் பூட்டன்.

அவளுடைய பூட்டன் இஞ்ஞாசி. அவனும் பண்ணையாரின் மகன்தான் என்று வீட்டில் சொல்வார்கள். வீட்டுக்குள் மட்டும்.

வெளியே வேறு பேச்சு. குழாயடியில் குடத்தோடு குடம் முட்டினால் போதும், சண்டை கடைசியில் அதில்தான் வந்து நிற்கும். அப்பன் பேர் தெரியாத கூட்டம். அம்மா அதைக் கேட்டுக் கேட்டே செத்தாள். போன வாரம் மகள் கேட்டுவிட்டு வந்தாள். வந்தவள் சாப்பிடவில்லை.

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. சந்தியாகுவின் மகன் இஞ்ஞாசி என்று. அச்சில்.

குழுவில் எல்லாரும் கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. பாளையங்கோட்டை நர்ஸ் ஒருத்தி முள்ளுக்குள் புகுந்து இஞ்ஞாசியின் கல்லறையைத் தேடிப் படம் போட்டாள். மறுநாள் காலையில் அந்தப் படம் இல்லை. அதன் பிறகு நர்ஸ் அவளோடு பேசவும் இல்லை.

கோயிலுக்கு வருவதாக முன்கூட்டிச் சொன்னதுதான் தப்பு. பீடிச் சுற்றை ஒருநாள் விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் வந்தாள். அவர் அதற்கும் முன்னால் வந்திருந்தார். புத்தக அலமாரிக்குச் சாவி வைத்திருக்கும் கோயில்பிள்ளைக்கு டீ வாங்கிக் கொடுத்திருந்தார்.

கையைக் கழுவிவிட்டுத் தொடு என்றார் பெர்க்மான்ஸ்.

கழுவினாள். புகையிலை வாசம் போகவில்லை. அவர் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

1893. பங்குனி.

எழுத்து லத்தீன். அவளுக்குப் பெயர்களை மட்டும்தான் எழுத்துக்கூட்ட வந்தது. பிள்ளை, இஞ்ஞாசி. தாய், மோட்சம்.

தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு.

சின்னக் கோடு. மை கொஞ்சம் அதிகமாகத் தொட்டுப் போட்டது.

அதற்கடுத்த கட்டத்தில் சந்தியாகு என்று இருந்தது. அவள் விரல் அங்கே போய் நின்றது.

பெர்க்மான்ஸ் இரண்டு வருஷம் குருமடத்தில் படித்தவர். லத்தீன் தெரியும். அது ஞானத்தகப்பனுக்கான கட்டம், ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தி நிற்பவனுக்கு, என்றார். கோயில்பிள்ளைக்கும் கேட்க வேண்டும் என்று குரலை ஏற்றிக்கொண்டார்.

"நல்லா பாத்துக்கோ பிள்ள. ஞானத்தகப்பனா நிக்கவன் பெத்த தகப்பனா இருக்க முடியாது. இது கோயில் சட்டம். பாவப்பட்டுப் பிள்ளைய ஏந்திக் குடுத்திருக்காரு. அந்தப் பேரையே இழுக்க வாரியே."

கோயில்பிள்ளையும் தலையாட்டினார். சட்டம் அப்படித்தான்.

அவளுக்குக் காது சுட்டது.

பெர்க்மான்ஸ் புத்தகத்தை மூடச் சொன்னார். அவள் மூடவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியாது. அவர் சொன்னதால் இருக்கலாம்.

அடுத்த பக்கம். அதற்கடுத்தது.

ஒரு கோடு. தாய், சவரியாயி. ஞானத்தகப்பன், சந்தியாகு.

நாலு பக்கம் தள்ளி இன்னொரு கோடு. தாய், அன்னம். ஞானத்தகப்பன், சந்தியாகு.

தாய்மாரின் பெயர்கள் முழுசாக இருந்தன. அவற்றை மறைக்க யாரும் மெனக்கெடவில்லை.

பெர்க்மான்ஸ் கையை நீட்டி அட்டையைப் பிடித்தார். அவள் பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். கிழிந்தால் கிழியட்டும்.

அவர்தான் விட்டார்.

1896. ஆவணி.

ஒரு கோடு. தாய், வியாகுலம். ஞானத்தகப்பன், சந்தியாகு.

பிள்ளையின் பெயரை அவள் இரண்டு தடவை எழுத்துக்கூட்டினாள்.

அருளப்பன்.

புத்தகத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

அவர் குனிந்து பார்க்கவில்லை. கோயில்பிள்ளை எங்கே நிற்கிறார் என்று பார்த்தார்.

அவள் வந்ததும் கேட்டிருந்த நகலுக்காகக் கோயில்பிள்ளை அச்சடித்த படிவம் ஒன்றை உருவிக்கொண்டு வந்தார். எந்த வரிக்கு எழுத என்று கேட்டார்.

நகல் ஒன்றும் வேண்டாம், அவள் கிளம்புகிறாள் என்றார் பெர்க்மான்ஸ். குரல் இறங்கியிருந்தது.

அவள் கிளம்பவில்லை. விரலை வைத்தாள்.

கோயில்பிள்ளைக்குக் கண் மட்டு. முகத்தை அவள் விரலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்தார். எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுபவர். பிள்ளையின் பெயர் என்ற கட்டத்தில், அருளப்பன், என்று சொல்லி எழுதினார்.

அடுத்த கட்டத்தில் பேனா நின்றது. லத்தீன் தெரிந்தவரை நிமிர்ந்து பார்த்தார்.

"தகப்பன் பேரு என்ன போட, அண்ணாச்சி?"