கெட்டியான ஸ்பிரிங்

“தினமும் எந்த மலையில சார் ஏறுறீங்க?” என்று மெக்கானிக் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. வண்டி எங்கே ஓடுகிறது என்று தெரிந்தால்தான் எந்த ஸ்பிரிங் மாட்டலாம் என்று அவரால் சொல்ல முடியும்.

ஜீப்காரர் வாயைத் திறப்பதற்குள் அவருடைய மனைவி முந்திக்கொண்டாள்.

“ஆபீஸ் பார்க்கிங்ல ஒரு சரிவு இருக்கு. காலையில இறங்குவார், சாயங்காலம் ஏறுவார். இதுவரைக்கும் உயிரோடதான் திரும்பி வந்திருக்கார்.”

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. மூன்று மாதமாகச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் செல்போனை வைத்துக்கொண்டு ஷாக் அப்சார்பரைப் பற்றிப் படித்தவர். படித்த அத்தனையையும் மெக்கானிக்கிடம் ஒப்பித்தார். எத்தனை அங்குலம் உயர்த்தினால் எந்தப் பாறை இடிக்காது என்பது வரைக்கும் சொன்னார். பாறையை அவர் படத்தில்தான் பார்த்திருக்கிறார் என்று மனைவி இடையில் ஒரு தகவல் சேர்த்தாள்.

ஆபீசுக்கு ஓட்டுகிற வண்டிக்கு மெத்தென்ற ஸ்பிரிங்கே போதும், எப்போதாவது காட்டுப்பாதையில் போனாலும் தாங்கும் என்றார் மெக்கானிக். இவர் மசியவில்லை. முன்பக்கம் மெத்தென்றே இருக்கட்டும், பின்பக்கத்துக்கு மட்டும் கடையில் இருப்பதிலேயே கெட்டியானது வேண்டும் என்றார்.

“அது மூட்டை ஏத்துற வண்டிக்கு உள்ளது சார். சுமை இல்லாம ஓட்டினா, பின்னாடி உக்கார்றவங்க இடுப்பு கழண்டுரும்.”

“பரவாயில்ல, போடுங்க.”

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான். அன்று சனிக்கிழமை, அவருக்கு ஆபீசில் கூட்டம் இருந்தது. நீங்கள் கிளம்புங்கள், நானே இருந்து வண்டியை எடுத்து வருகிறேன் என்றாள். இவ்வளவு நல்லவளா என்று அவருக்கே சந்தேகம் வந்தது.

ஞாயிறன்று வண்டியைத் துடைத்ததோடு சரி, வெளியே எடுக்கவில்லை. முதல் ஓட்டத்தைத் திங்கட்கிழமைக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். காரணம், அடுத்த தெருவில் குடியிருந்த மனைவியின் அண்ணன்.

இரண்டு வருடமாக மச்சான் காலையில் ஆபீஸ் போவது இந்த ஜீப்பில்தான். முன்சீட்டில் காலை நீட்ட முடியாது என்று பின்சீட்டில் பரந்து உட்கார்ந்துகொள்வார். சிக்னலில் பார்க்கிறவர்கள் ஜீப்காரரை டிரைவர் என்று நினைத்தால், அது அவர்கள் தப்பில்லை. இனி வராதீர்கள் என்று மச்சானிடம் சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது. அதனால் தன் சார்பில் பேசும் பொறுப்பை ஸ்பிரிங்கிடம் ஒப்படைத்திருந்தார்.

திங்கட்கிழமை நேர்வழியை விட்டுவிட்டு, குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்த சாலையில் வண்டியைத் திருப்பினார். முதல் பள்ளத்தில் பல் கிடுகிடுத்தது. அவருடைய பல். இரண்டாவது பள்ளத்தில் தலை கூரையில் இடித்தது. அதுவும் அவருடையதுதான். கண்ணாடியில் பார்த்தார். மச்சான் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

“புது ஸ்பிரிங் பிரமாதம் மாப்பிள்ளை,” என்றார், இறங்கும்போது. “இனிமே சாயங்காலமும் உங்ககூடவே வந்துடுறேன்.”

ஜீப்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெக்கானிக்குக்குப் போன் போட்டார். முன்னாடி மாட்டவேண்டியதைப் பின்னாடியும், பின்னாடி மாட்டவேண்டியதை முன்னாடியும் போட்டுத் தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார்.

“தெரிஞ்சுதான் சார் போட்டோம்,” என்றார் மெக்கானிக். “நீங்க கிளம்பின கையோட மேடம் சொன்னாங்க: ‘எங்க அண்ணன் பின்னாடிதான் உக்காருவார், அவருக்கு அலுங்காம இருக்கட்டும், கரடுமுரடுன்னா உயிரை விடுற ஆளு முன்னாடி உக்காருவார், கெட்டியானதை அங்க மாட்டுங்க’ன்னு.”