பிஸ்கட் அக்காவின் முகம்

"கழுத்தில் ஒற்றைக் கண்ணைத் தொங்கவிட்டுக்கொண்டு வருகிறவனை நம்பாதே, அவன்..." என்று பாலத்தடிக் கிழட்டு நாய் ஏதோ சொல்லும். மீதி செவலை நாய்க்கு மறந்துவிட்டது. நம்பாதே என்பது மட்டும் நினைவிருந்தது.

அதனால், படம் எடுக்கிறவன் பேருந்து நிறுத்தத்து பெஞ்சில் கழுத்துக் கேமராவைக் கழற்றி வைத்துவிட்டு டீ வாங்கப் போனதும், செவலை அதை மோப்பம் பிடித்தது. பின்பக்கத் திரையில் நேற்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் தெரிந்தது. அதில் செவலை இருந்தது. தினமும் பிஸ்கட் போடும் அக்காவின் கை இருந்தது. அக்கா இல்லை.

"உன் செவப்பையும் உருவிட்டாண்டா," என்றது கூரைமேல் இருந்த காகம். "எனக்கென்ன, நான் அதே கறுப்பு."

செவலை கேமராவைப் பார்த்து உறுமியது. "அக்கா முகத்தை எங்கே ஒளிச்சு வச்சிருக்கே?"

"நான் எடுக்கலைப்பா," என்றது கேமரா. "கை உன் பக்கம் இருந்துச்சு. முகம் போனுக்குள்ள இருந்துச்சு. இந்த ஸ்டாப்புல எல்லாருமே அப்படித்தான். கால் இங்க, காது வீட்டுல, கண்ணு ஆபீஸ்ல."

"பொய்."

"அவங்கதான் வர்றாங்களே, நீயே பாரு."

அக்கா வந்தாள். கை தாழ்ந்து பிஸ்கட்டை நீட்டியது. செவலை முதன்முறையாகக் கையைத் தாண்டி மேலே பார்த்தது. போனின் முதுகு தெரிந்தது. அதற்கு மேலே கொஞ்சம் நெற்றி. அக்காவின் முகத்தை நினைவுபடுத்திப் பார்த்தது. வரவில்லை.

பசித்தது. பஸ்ஸும் வந்துகொண்டிருந்தது. அக்கா குனிந்து பார்க்கிறவரை பிஸ்கட்டில் வாய் வைப்பதில்லை என்று செவலை முடிவு செய்தது.