நாலாவது எலுமிச்சம்பழம்

"லாரி ஓனரம்மா பேரு மட்டும் வாணாம் சார். டிரைவரைப் போடு, இன்ஷூரன்ஸ் கம்பெனியைப் போடு. அந்தம்மாவ விட்டுடு."

ராஜாராம் இதைச் சொல்லிவிட்டு, கட்டுப்போட்ட காலை ஸ்டூல் மேல் தூக்கி வைத்துக்கொண்டு, இனிப் பேச ஒன்றுமில்லை என்பதுபோல் சுவர்க் காலண்டரைப் பார்த்தான்.

வக்கீல் திருநாவுக்கரசின் பேனா அப்படியே நின்றுவிட்டது. செங்கல்பட்டு கோர்ட்டுக்கு எதிரே இருபது வருஷமாக விபத்து கேஸ் பார்க்கிறார். காலை நசுக்கிய லாரியின் ஓனருக்காகப் பரிந்து பேசும் கட்சிக்காரனை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"ஏம்ப்பா, ஓனரைச் சேர்க்காம கேஸ் எப்படி நிக்கும்? முதல் எதிர்மனுதாரரே அவங்கதான். பணம் கொடுக்கப் போறது இன்ஷூரன்ஸ். அந்தம்மா கையிலேருந்து ஒரு பைசா போகாது."

"நல்லா சொல்லு சார்!" என்றாள் பக்கத்தில் இருந்த அவன் மனைவி கன்னியம்மா. "நானும் ஒரு வாரமா தலப்பாடா அடிச்சிக்கறேன்."

விபத்து நடந்தது ஆயுத பூஜை அன்று. திருக்கழுக்குன்றம் ரோட்டோரம் ஒரு பிள்ளையார் கோயில் வாசலில் டிப்பர் லாரிக்குப் பூஜை. தேங்காய் உடைகிற சத்தம் கேட்டதும் வண்டியை எடு என்று டிரைவர் கேசவனுக்குச் சொல்லியிருந்தார்கள். பூசாரிக்கோ இன்னும் ஏழு வண்டி பாக்கி. டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்த ராஜாராம் நாலாவது பழத்தை வைத்து முடிப்பதற்குள் அவர் தேங்காயை உடைத்துவிட்டார். கேசவனும் எடுத்துவிட்டான். பழம் உருண்டு தப்பித்துக்கொண்டது, கால் மாட்டிக்கொண்டது.

ராஜாராம் கொத்தனார். தகடு வைத்து ஒரு ஆபரேஷன் ஆகிவிட்டது. இன்னொன்று செய்தால்தான் இனிச் சாரத்தில் ஏற முடியும். இல்லையென்றால் ஆயுசுக்கும் கீழே நின்று கலவை போட வேண்டியதுதான். அதற்காகத்தான் இந்த நஷ்டஈட்டு மனு.

"அந்த லாரியில நீ சம்பளத்துக்கு வேலை செய்யறியா?"

"இல்ல சார். கூப்ட்டாங்க, பழம் வச்சேன்."

"அப்புறம் எதுக்குய்யா ஓனர் மேல இவ்வளவு பாசம்?"

ராஜாராம் காலண்டரை விட்டுத் திரும்பினான். "தங்கமான பொம்பளை சார் அது. படூர்ல அப்பன் குடுத்த நெலத்த வித்து அந்த வண்டிய வாங்குச்சு. இன்னும் தவணை முடியல. நான் ஆஸ்பத்திரில கெடந்தப்ப ராவும் பகலும் என் பக்கத்துலயே குந்திகினு இருந்துச்சு. ரெண்டு நாளு ஒரு வாய் சோறு துன்னல."

திருநாவுக்கரசு சட்டென்று கன்னியம்மாவைப் பார்த்தார். அடப்பாவி, பொண்டாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இன்னொருத்தியைத் தங்கம் என்கிறானே! மேஜை மேலிருந்த கண்ணாடி பேப்பர்வெயிட்டைச் சத்தமில்லாமல் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

கன்னியம்மா எதையும் வீசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வளையலைத் திருகினாள். பாவம், எல்லாவற்றையும் மனசுக்குள்ளேயே போட்டுப் புழுங்குகிறாள் என்று அவருக்கு மனசு இளகிப்போனது.

"ஏம்மா, இதெல்லாம் உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். ஊருக்கே தெரியும்."

"ஊருக்கேவா!" திருநாவுக்கரசு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "இதுக்கெல்லாம் தனியா சட்டம் இருக்கும்மா. முதல்ல இந்த கேஸ் முடியட்டும், அப்புறமா நீ மட்டும் தனியா வா."

"அதெல்லாம் இன்னாத்துக்கு சார்? அந்த லாரிக்காரி மேல கேஸைப் போடு, போதும்."

"நோட்டீஸ் போனா வாங்குவாளா?"

"வாங்குவா. நான் கேரண்டி."

"கோர்ட்டுக்கு?"

"தலைக்குக் குளிச்சிட்டு மொத ஆளா வந்து நிப்பா சார். பேரை எழுது, சொல்றேன்."

"சொல்லாத கன்னிமா!" ராஜாராம் கத்தியதில் ஊன்றுகோல் கீழே விழுந்தது. "போஸ்ட்மேன் நோட்டீஸ எடுத்துகினு வந்து நிப்பான். கோர்ட்ல டவாலி என் பேரையும் அது பேரையும் சேத்துக் கூவுவான். அதுக்கும் எனக்கும் வழக்குன்னு ஒரு காயிதத்துலகூட இருக்கக் கூடாது சார். நொண்டியாவே கெடந்துட்டுப் போறேன்!"

சொல்லும்போதே அவன் கண் கலங்கிவிட்டது.

"நொண்டியா கெடப்பியா?" கன்னியம்மாவின் குரலும் உடைந்தது. "மூணாவது மாடியில நின்னுகினு 'சிமெண்ட் அனுப்புங்கடா'ன்னு நீ கத்தறத நான் திரும்பக் கேக்கணும்யா. அதுக்கு யாரு மேல வேணா கேஸு போடுவேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "ஓனரு பேரு இதுல கீது சார்."

லாரியின் ஆர்.சி. புத்தகம். ஜெராக்ஸ்கூட இல்லை, ஒரிஜினல். எதிராளி வீட்டு ஒரிஜினல் இவள் கைக்கு எப்படி வந்தது என்று குழம்பிக்கொண்டே திருநாவுக்கரசு முதல் பக்கத்தைப் புரட்டினார்.

உரிமையாளர்: கன்னியம்மா. கணவர் பெயர்: ராஜாராம்.

"நோட்டீஸ இங்கயே குடுத்துடு சார், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கறேன்," என்றாள் முதல் எதிர்மனுதாரர், கீழே கிடந்த ஊன்றுகோலை எடுத்துப் புருஷனிடம் கொடுத்துக்கொண்டே. "போஸ்ட்மேனுக்கு எதுக்குத் தெரியணும்?"