வஞ்சிர வாசனை

“பொய் சொல்லி வாங்குன பென்ஷன் நமக்கு வேணாங்க, எழுதிக் குடுத்துடுங்க!” என்றாள் ஆனந்தமேரி.

பட்டாளத்து ரசாயனக் கிடங்கில் வேலை பார்த்ததில் வாசனையே தெரியாமல் போய்விட்டது என்று அவள் கணவர் லூர்துநாதனுக்கு ஊனத்துக்கான பென்ஷன் கிடைத்திருந்தது.

“வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே ‘வஞ்சிரம் வறுவலா?’ன்னு கேக்குற மூக்காச்சே!”

“நெசமாவே தெரியாது மேரி. நீ கவலைப்படுவேன்னுதான் மறைச்சேன்.”

“அப்ப எப்படிக் கண்டுபுடிச்சீங்களாம்?”

“சாம்பார்னா பாத்திரம் உருளும். வஞ்சிரம் வறுக்குற அன்னிக்குத்தான் உன் மாதா பாட்டு தெருமுனை வரைக்கும் கேக்கும்!”

ஆனந்தமேரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, கூடையோடு பெரிய மார்க்கெட்டுக்குக் கிளம்பினாள். படியிறங்கும்போதே பாட்டு தொடங்கிவிட்டது.

“ஆகா, வாசனை ஆளைத் தூக்குதே!” என்றார் லூர்துநாதன்.