கொசுறு

பூனை வாசலுக்கு வரவில்லை.

பாத்திரக்கடைக்காரர் செருப்பைக் கழற்றாமலே நின்றார். மதியச் சாப்பாட்டுக்கு வந்து அவர் பூட்டில் சாவியைத் திருப்பினாலே போதும், வரி வசூலிக்க வந்த அதிகாரி மாதிரி வாலைத் தூக்கிக்கொண்டு எதிரே நிற்கும் ஜீவன் அது.

"கொசுறு!"

அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தது. தலை தொங்கியிருந்தது. வாயோரம் எச்சில். கண் திறந்துதான் இருந்தது, ஆனால் அவரைப் பார்க்கவில்லை. தூக்கினார். ஈரத்துணி போலக் கையில் மடிந்தது.



என்றோ வந்து இறங்கிய பாத்திர மூட்டைக்குள் சுருண்டு கிடந்த தெருப்பூனை. சரக்கோடு சும்மா வந்ததால் அந்தப் பெயர். சும்மா வந்ததற்குச் சர்க்கரை வியாதி இருந்தது. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி, ஆயுசுக்கும்.

"பிரிச்சுப் பார்க்காம சரக்கு எடுத்தா இப்படித்தான்" என்றாள் மனைவி அன்றைக்கு.

அவள் ஜவுளிக்கடைக்காரர் மகள். மனசுக்குப் பிடித்த புடவையை மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் தொட்டுப் பார்ப்பாள். பிடித்தது முகத்தில் தெரிந்தால் விலை ஏறிவிடும் என்பது பால்குடி வயதிலேயே படித்த பாடம். அவரும் அதே பள்ளிக்கூடம்தான்.

இன்று காலையும் சண்டை. வழக்கம்போல் ஊசியைப் போட்டு முடித்துவிட்டு அவர் டீ குடிக்க உட்கார்ந்தபோது, அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவள் ஆரம்பித்தாள். "குத்திக் குத்தி அதை எதுக்கு வதைக்கிறீங்க? விட்டுத் தொலைங்க. போய்ச் சேர்ந்தா அதுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி."

விலை படியாத பொருளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போகிறவர் மாதிரி அவரும் வீம்பாகச் சொன்னார். "சரி, விட்டாச்சு. இன்னிக்குப் போடல. இனியும் போடப் போறதில்ல. திருப்திதானே?"

கூப்பிடுவாள் என்று மெதுவாகத்தான் படி இறங்கினார்.

"நல்லது" என்றாள் அவள். அவ்வளவுதான்.

இப்போது அந்த 'நல்லது' நினைவுக்கு வந்தது.

டாக்டருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தித் தரையில் வைத்து, பூனை கிடக்கிற நிலையைச் சொன்னார்.

"சர்க்கரை இறங்கின மாதிரி தெரியுது. ஊசி மருந்து கூடுதலாப் போட்டுட்டீங்களா?"

"இல்ல டாக்டர். எப்பவும் ஊசியில ஏத்துற ரெண்டு கோடு மருந்துதான்."

"அதுக்கு இப்படி விழாதே. வேற ஏதாவது வாயில போயிருக்கா? எலி மருந்து, கிலி மருந்து? சரி, மொதல்ல சர்க்கரைத் தண்ணி கரைச்சு ஈறுல தடவுங்க. போனை வைக்காதீங்க, நான் லைன்லயே இருக்கேன்."

எலி மருந்து.

சமையலறையில் டம்ளரில் கரண்டி சுற்றும் சத்தம் கேட்டது. அவர் வந்ததிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

மனைவி டம்ளரோடு வந்தாள். வலது கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. காலையில் அது இல்லை.

பூனை கடித்ததா? எதை வாயில் திணித்தபோது?

கேட்டுவிடலாம். கேட்டால் பதில் வந்துவிடுமே என்றுதான் பயம். பூனை போனால் ஒரு பூனை போகும். இவள் 'ஆமாம்' என்றுவிட்டால் என்னென்ன போகும் என்று கூட்டிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"கிட்ட வராத. என்ன அது?"

"சர்க்கரைத் தண்ணி."

டாக்டர் சொல்லி முடித்த மூச்சு ஆறவில்லை. இவளுக்கு யார் சொன்னது?

டம்ளரை வாங்கினார். விரலை நனைத்து, முதலில் தன் நாக்கில் வைத்துப் பார்த்தார்.

அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இனிப்புதான்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. தரையில் உட்கார்ந்து, விரல் துணியை அவிழ்த்து எறிந்துவிட்டு, பூனையின் உதட்டைத் தூக்கி ஈறில் தடவ ஆரம்பித்தாள். கட்டைவிரலில் பல் பட்ட தடம் எதுவும் இல்லை. ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. ஊசி முனை அளவு.

"மொத தடவை என் விரல்லதான் ஏறிச்சு" என்றாள், நிமிராமல். "அப்புறம் ரெண்டு கோடுதாங்க வெச்சேன். கதவுக்குப் பின்னாடி நின்னு தினமும் பார்த்துட்டுத்தானே இருக்கேன், அதே ரெண்டு கோடுதான். எங்க தப்பு பண்ணேன்னு தெரியலையே... நீங்கதான் போடலைன்னு சொல்லிட்டுப் போயிட்டீங்களே."

தரையிலிருந்து டாக்டரின் குரல். "ஹலோ, ஹலோ! மொத்தம் எவ்வளவு போயிருக்கு? சரியாச் சொல்லுங்க."

பாத்திரக்கடைக்காரர் தன் வாழ்நாளில் முதல்முறையாக, முதல் கேள்விக்கே உண்மையைச் சொன்னார்.

"நாலு."

அவள் விரல் நின்றது. நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"கடையிலதான் பொய் சொல்வீங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"உடனே தூக்கிட்டு வாங்க" என்றது போன். "வழி முழுக்கத் தடவிக்கிட்டே இருங்க. நிறுத்தாதீங்க."

அவர் துண்டில் சுற்றித் தூக்கினார். அவள் டம்ளரோடு ஒட்டிக்கொண்டே நடந்தாள். பூனையின் விலா ஒருமுறை எழுந்தது. அடுத்தது எழ வெகுநேரம் ஆயிற்று.

வாசற்படியில் அவள் மூக்கைச் சுளித்தாள். பிறகு, எதிரே யாரோ வழி மறித்து நிற்பது போல, கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்:

"எங்களுக்கு ஒண்ணும் இது வேணும்னு இல்ல."